ஹேட்ச் ஓரத்தில் செல்வநாதன்

செல்வநாதன் பெண்டாட்டியைக் கை நீட்டி அடிக்கிறாராம்.

இந்தப் பேச்சு ராயபுரத்தில் அவர் குடியிருக்கும் சந்திலேயே பிறந்ததுதான். ஆனால் அந்த எட்டடிச் சந்தைத் தாண்டி நேராக அவர் காதுக்கு அது வரவில்லை. எதிர்வீட்டு ஜானட் மாடி ஜன்னல் வழியாக எதையோ பார்த்தாள். பார்த்ததை, வியாழக்கிழமை நவநாள் முடிந்து கோயில் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்த ரோஸ்மேரியிடம் சொன்னாள். ரோஸ்மேரிக்கு மஸ்கட்டில் ஒரு தங்கை. அன்றைக்கே வாட்ஸப்பில் கடல் தாண்டியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அந்த ஊரில் விடுமுறை நாள், பூசைக்கு வந்த இடத்தில் அந்தத் தங்கை, செல்வநாதனின் ஒரே மகள் டெபோராவைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போய், "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா" என்று ஆரம்பித்தாள். இப்படியாக எதிர்வீட்டில் கிளம்பிய பேச்சு அரபிக்கடலுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி, பகல் ஒன்றரை மணிக்கு, செல்வநாதன் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டிருந்தபோது அவருடைய ஃபோனில் வந்து இறங்கியது.

"நைனா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு."

"கேளு."

"அம்மாவ அடிச்சியா?"

செல்வநாதன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். எதிரே நாற்காலியில் ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த தேக்கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைமாடு கால்மாடாக, ஒன்றுவிட்டு ஒன்று.

"யாரும்மா சொன்னது?"

"யார் சொன்னா இன்னா? முஷ்டிய மடக்கிக் கைய ஓங்கிக்கினு நின்னியாம். அம்மா கத்துனது தெருமுன வரைக்கும் கேட்டுச்சாம்."

"அடிக்கல."

"அப்ப ஏன் கத்துச்சி?"

செல்வநாதன் விரலில் ஒட்டிய சோற்றைத் தட்டின் ஓரத்தில் வழித்தார். அந்தக் கால் நிமிஷமே டெபோராவுக்குப் போதுமானதாக இருந்தது. அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, ஆஸ்பத்திரி லேபில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவளின் குரலுக்கு மாறினாள். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லம். சிஸ்டர்மார் நடத்துவது. மறதி வந்தவர்களுக்கென்றே தனி வார்டு, இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ், தோட்டம்கூட இருக்கிறது. ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. ஞாயிறு மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"உன்னக் குத்தம் சொல்லல நைனா. உனக்கும் எழுவத்திமூணு ஆவுது. உன்னால முடியல, கை நீண்டுடிச்சி. நாளைக்கு நீ வுழுந்தா யாரு பாப்பாங்க? நான் இங்க ஒவ்வொரு ஃபோனுக்கும் நெஞ்சு அட்ச்சிக்கினு உக்காந்துனு கீறேன்."

"கை நீளலன்னு சொல்றேன்ல."

"ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்கு, உங்க டைம்ல, ஃபோன் பண்றேன். எடுத்து சரின்னு சொல்லு. இல்லன்னு சொல்றதா இருந்தாலும் எடுத்துச் சொல்லு. எடுக்கவே இல்லன்னா நானே அவங்களுக்கு சரின்னு சொல்லிட்டு டிக்கெட் போட்ருவேன்."

ஃபோனை வைத்தபின் செல்வநாதன் தட்டைத் தள்ளிவைத்தார். ஃப்ளோரன்ஸ் கடைசிக் கரண்டியையும் அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு டூட்டி முட்ச்சி வந்துட்டாரா?" என்று அவரிடமே கேட்டாள்.

"கப்பல் இன்னும் முடியலம்மா. ஓவர்டைமு."

"குடை எடுத்துனு போவல அவுரு."

"கூட வேல செய்ற குணா வெச்சிகீறான் குடை. நீ துன்னு."

*

செல்வநாதன் சென்னைத் துறைமுகத்தில் முப்பத்துநாலு வருஷம் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் மேல்தளத்தில் கிணறு போலத் திறந்திருக்கும் வாய்க்கு ஹேட்ச் என்று பெயர். அறுபதடிக்குக் கீழே, அந்தக் கிணற்றின் இருட்டில், ஆட்கள் மூட்டைகளையோ இரும்பையோ ஸ்லிங் என்ற வடத்தில் கட்டுவார்கள். மேலே விஞ்ச் என்ற தூக்குப்பொறியை ஓட்டுகிறவர் அதைத் தூக்குவார். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கிணற்றுக்குள் ஒன்றுமே தெரியாது. கீழே ஆள் நகர்ந்தானா, ஸ்லிங் சரியாகப் பிடித்ததா, மூட்டை எங்கேயாவது இடிக்கிறதா, எதுவும் தெரியாது. ஹேட்ச் ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, பார்த்ததைக் கையால் மேலே சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் சிக்னல்மேன். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு ஒரு முழம்கூடப் போகாது.

ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் ஹாபீஸ், தூக்கு. கையைத் தாழ்த்தி விரலைக் கீழ்நோக்கிச் சுற்றினால் ஆரியா, இறக்கு. விரல்களை மெல்ல விரித்து மெல்ல மூடினால் ஆஸ்தே, பார்த்துப் பதமாக. மடக்கிய முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. எந்த நாட்டுக்காரன் எந்தக் காலத்தில் கொண்டுவந்த வார்த்தைகளோ, செல்வநாதனுக்கு அவை அப்பா அம்மாவுக்கு அடுத்துக் கற்ற சொற்கள் மாதிரி. எல்லாச் சைகையையும் சிக்னல்மேன் ஒருவர்தான் காட்டலாம். நிறுத்து மட்டும் விதிவிலக்கு. அதை யார் காட்டினாலும், டீ கொண்டுவந்தவன் காட்டினாலும், நிறுத்தியே ஆக வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி இதை இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம், விரல் இல்லாத தன் இடது கையைக் காட்டிச் சொன்னார்.

அவருக்கு வாய்த்த விஞ்ச் டிரைவர் வியாசர்பாடி குணசேகரன். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஜோடி. வெய்யிலில் இரண்டு பேருக்கும் ஒரே கூஜா, மழையில் ஒரே குடை. "அவன் கண்ணு என் கைமேல, என் கண்ணு பள்ளத்துமேல. நாங்க ரெண்டு பேரும் மூஞ்ச பாத்துக்குனதே சாப்பாட்டு டைம்லதான்" என்று செல்வநாதன் கல்யாண வீடுகளில் சொல்வார். உண்மையாகவே அவர் யாருடைய கையையும் பார்த்ததில்லை. அவர் கையை மற்றவர்கள் பார்த்தார்கள்.

அந்தக் கையை இரண்டாவதாகப் படித்தவள் ஃப்ளோரன்ஸ்.

எழுபத்தொன்பதில் கல்யாணம். அவள் அப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். அங்கேயும் இரைச்சல்தான், பெண்கள் கண்ணாலும் புருவத்தாலும் பேசிப் பழகியவர்கள். கல்யாணமான மூன்றாவது ஞாயிறு, பூசையில் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் அவள். பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. செல்வநாதன் சும்மா இருக்க முடியாமல், தொடைமேல் வைத்த கையின் ஒற்றை விரலை மேலே நீட்டிச் சிறிதாகச் சுற்றிக் காட்டினார். கிளம்பலாமா? வீட்டில் ஒரே ஒருதரம் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்ததுதான். முக்காட்டுக்குள்ளிருந்து ஃப்ளோரன்ஸ் சாமியாரை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஜெபமாலை சுற்றிய கையை முஷ்டியாக மடக்கி முழங்கால்மேல் வைத்தாள். நிறுத்து. செல்வநாதனுக்குச் சிரிப்புப் பீறிட்டு, இருமுவதாக நடித்துக்கொண்டே வெளியே ஓடவேண்டியதாயிற்று.

அதற்குப்பின் அந்த வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான். அவர் குரல் உயர்ந்தால் அவள் சமையலறையிலிருந்தே விரலைக் கீழ்நோக்கிச் சுற்றுவாள். ஆரியா, சத்தத்தை இறக்கு. கைக்குழந்தை டெபோரா தூங்கிக்கொண்டிருந்தால் கதவைத் திறக்கும்போதே ஆஸ்தே. ராயப்பர் திருநாளில் தேர் வரும்போது ஒரு வருஷம் கூட்டத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். செல்வநாதன் ஒரு மீன்வண்டிமேல் ஏறி நின்று, ஆயிரம் தலைக்குமேல் கையை உயர்த்தி விரலைச் சுற்றினார். தெருவின் மறுகரையில், பலூன்காரனுக்குப் பக்கத்தில், ஃப்ளோரன்ஸ் தன் கையை உயர்த்தவில்லை. இடுப்பிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையின் கையைப் பிடித்து, அந்தச் சின்ன விரலால் பதிலுக்குச் சுற்றிக் காட்டினாள். வாத்தியம், வேட்டு, வரிசை விளக்கு, மல்லிகைப்பூவோடு கலந்த மெழுகுவாசம். இன்றைக்கும் ஜூன் கடைசியில் கொடி ஏறினால் செல்வநாதனுக்கு முதலில் ஞாபகம் வருவது தேர் இல்லை, அந்தப் பிஞ்சு விரல்தான். அந்த விரல்காரிதான் இப்போது மஸ்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறாள்.

*

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃப்ளோரன்ஸுக்கு அக்கி வந்தது. இடது தோள்பட்டையிலிருந்து மார்புக்குக் கீழ்வரை கொத்துக்கொத்தாகக் கொப்புளம். ரோஸ்மேரிதான் தண்டையார்பேட்டையில் ஒரு குயவரிடம் கூட்டிப்போய்க் காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியிலும் மாத்திரை கொடுத்தார்கள். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது, வலி உதிரவில்லை. நரம்பில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். துணி பட்டால் எரியும். ஃபேன் காற்று பட்டால் எரியும். செல்வநாதன் அவளுடைய நைட்டிகளையெல்லாம் இடது தோளில் வெட்டி, ஓரம் அடித்து வைத்தார். ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பிப் பூட்டினார்.

மறதி எப்போது வந்தது என்று அவரால் தேதி சொல்ல முடியாது. வலி வந்த வீட்டுக்குள் அதன் பின்னாலேயே நுழைந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, மெதுவாக வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டது. முதலில் பெயர்கள் போயின. பிறகு 'வலிக்குது' என்ற சொல்லே போயிற்று. அதுதான் கொடுமை. வலி அப்படியே இருந்தது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை. அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எங்கே, எவ்வளவு என்று கேட்டால், "ட்ரெயின் போச்சா?" என்பாள்.

தொட்டுத் தூக்க வழியில்லை. ஒருநாள் குளியலறை முக்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினார், பாடினார், டெபோராவை ஃபோனில் கூப்பிட்டுப் பேசவைத்தார். கடைசியில் களைத்துப்போய், தன்னை அறியாமல் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினார்.

ஃப்ளோரன்ஸ் அந்த விரலைப் பார்த்தாள். இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி, மெல்ல எழுந்து நின்றாள்.

செல்வநாதன் அன்று குளியலறைச் சுவரில் சாய்ந்து அழுதார். பெயர் போயிற்று, ஊர் போயிற்று, இவர்தான் புருஷன் என்பது போயிற்று, கை மட்டும் இருந்தது. அதுமுதல் எல்லாவற்றுக்கும் கைதான். எழ ஹாபீஸ், உட்கார ஆரியா, படியில் ஆஸ்தே, கதவோரம் வந்ததும் முஷ்டி. ஆறடி தள்ளி நின்று, ஒரு விரல்கூட அவள் மேல் படாமல், வீடு முழுவதும் அவளை நடத்தினார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் கை மட்டும்தான் தெரியும். திரும்பத் திரும்ப ஓங்குகிற, முஷ்டி மடக்குகிற ஒரு கை.

சமீபத்தில் சில வாரமாகத்தான் அது சரியாக வரவில்லை. ஹாபீஸ் காட்டினால் பாதி எழுந்து நின்றுவிடுவாள். மடியில் கிடக்கும் அவள் வலது கை விரல்கள் எதையோ பிசைந்துகொண்டே இருக்கும். இந்த நோயில் விரல்கள் அப்படித் துழாவும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை. நைட்டி நனைந்துவிட்டது, மாற்ற வேண்டும். அடுப்பில் பால். ஹாபீஸ் காட்டினார். எழவில்லை. மறுபடி காட்டினார். பாதி எழுந்து அப்படியே நின்றாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. "எழுந்துருடி, எழுந்துருன்றேன்ல!" என்று முஷ்டியை உயர்த்தி ஆட்டினார். நிறுத்து என்பதற்காக இல்லை, கோபம். பிறகு இரண்டு எட்டில் போய் அவள் தோள்களைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். இரண்டு தோள்களையும்.

அந்தக் கத்தலைத்தான் ஜானட் கேட்டாள்.

அடிக்கவில்லை. அது சத்தியம். ஆனால் டெபோரா கேட்டது, ஏன் கத்தினாள் என்று.

*

சனிக்கிழமை குணசேகரன் வந்தார். வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, காசிமேட்டில் இறங்கி வவ்வால் மீன் வாங்கிக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில் மூச்சு வாங்க மாடியேறி.

"ஃபோன்ல இன்னாமோ பேஜாருன்ன. இன்னா மாமு?"

செல்வநாதன், டெபோரா ஃபோனில் கேட்டதையும் சொன்னதையும் சொன்னார். குணசேகரன் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ? அடிச்சியா? ஒரு கரப்பாம்பூச்சிய அடிக்க நாலு பேரக் கூப்புடுற ஆளு நீ! பனாமா கப்பல்ல எலியப் பாத்துட்டு ஹேட்ச வுட்டு ஓடுனவன்தான நீ?"

"அது எலி இல்லடா, பெருச்சாளி."

"அது குட்டி. நான் பாத்தேன்." சிரிப்பை முடித்துக்கொண்டு ஃப்ளோரன்ஸ் பக்கம் திரும்பினார். "இன்னா தங்கச்சி, நல்லாகீறியா? இந்த ஆளு சோறு போடுறானா இல்லியா?"

ஃப்ளோரன்ஸ் அவரை உற்றுப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரர பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன், பாத்தேன். டீக்கடைல குந்திகினு பந்தா வுட்டுகினு கீறாரு. வந்துருவாரு."

அவள் முகத்தில் நிம்மதி வந்தது. இரண்டு வருஷமாகச் செல்வநாதன் சொன்ன எந்தப் பதிலுக்கும் அந்த நிம்மதி வரவில்லை.

"உம்பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு கீது?" என்றார் குணசேகரன் மெதுவாக. "நாளைக்கு நீ இல்லன்னா?"

"அங்க இருக்கவங்க நல்லாதான் பாத்துக்குவாங்க குணா. ஆனா இவளுக்குக் கை தவுத்து வேற பாஷ இல்ல. அங்க யாருக்குத் தெரியும் அது? எழுந்துக்கலன்னா நாலு பேரு புடிச்சித் தூக்குவாங்க. தெனம் தூக்குவாங்க." நான் ஒருநாள் தூக்கினேன் என்பது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

சாப்பாட்டு நேரம். செல்வநாதன் எழுந்து, வழக்கம்போல ஆறடி தள்ளி நின்று ஹாபீஸ் காட்டினார். ஃப்ளோரன்ஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். நின்றாள். மறுபடி காட்டினார். முகம் சுருங்கியது. அவர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"மாமு, நில்லு!"

குணசேகரனின் குரல் பழைய விஞ்ச் மேடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. செல்வநாதன் நின்றுவிட்டார்.

"தங்கச்சி ஸ்டாப்பு காட்டுது. நீ பாட்டுக்குப் போற."

"எங்க காட்டுது?"

"கீழ பாரு. மடிகிட்ட. வலது கை."

பார்த்தார். தொடையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து, மடங்கிய முஷ்டி. சின்னதாக. உடம்பு அசைந்தாலே துணி உரசி எரியும் ஒருத்தி காட்டக்கூடிய அளவுக்கு.

"அது சீக்குடா. விரலு அப்டிதான் ஆட்டிகினு இருக்கும். டாக்டர் சொல்லிகீறாரு."

"டாக்டரு விஞ்ச் ஓட்டுனாரா? இருவத்திரெண்டு வருசம் உன் கைய மட்டும் பாத்துத் துன்னவன் நானு. எனக்குத் தெரியாதா?" குணசேகரன் தன் நாற்காலியை ஃப்ளோரன்ஸுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, முழங்கால்மேல் கை வைத்து, அவளுடைய வலது கையையே பார்த்தபடி உட்கார்ந்தார். "நீ வாய மூடிக்கினு அவங்க வலப்பக்கமா போயி நில்லு. நான் சொல்ற வரைக்கும் தொடாத."

முஷ்டி அப்படியே இருந்தது. சந்தில் தண்ணீர் வண்டி வந்து குடங்கள் மோதும் சத்தம். செல்வநாதனுக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. பிறகு விரல்கள் மெல்ல விரிந்தன, மூடின, விரிந்தன.

"ஆஸ்தே குடுத்துட்டாங்க. வலது கைக்கு அடில உன் கைய குடு. தூக்காத. சும்மா குடு. ம். இப்ப ஹாபீஸ் வரும் பாரு... வந்துச்சா? இப்ப நீயும் கூடவே எழு. நிறுத்து, நிறுத்து. வலி வந்துடிச்சி. நில்லு. போவட்டும். ம், ஆஸ்தே."

நாலு நிமிஷம் ஆயிற்று. நாற்காலியிலிருந்து எழ நாலு நிமிஷம். ஆனால் ஃப்ளோரன்ஸ் கத்தவில்லை, அழவில்லை. நிமிர்ந்து நின்று, "மீன் வாசன வருது" என்றாள்.

செல்வநாதன் அவள் கையைத் தாங்கியபடியே அசையாமல் நின்றார். முப்பத்துநாலு வருஷம் அவர் கை காட்டினார். ஒருநாள்கூட ஒரு கையைப் படித்ததில்லை. அவர் வேலையில் அது இல்லை. துழாவல் என்று நினைத்தது எத்தனை வாரப் பேச்சோ. செவ்வாய்க்கிழமை பால் பொங்கியபோது மடியோரம் அந்த முஷ்டி இருந்ததா? இருந்தது. கண்ணில் பட்டது, இப்போது தெளிவாக ஞாபகம் வருகிறது. டீக்காரன் காட்டினாலும் நிறுத்த வேண்டிய ஒன்று.

"செவ்வாக்கெழம காட்டுனா குணா," என்றார். "ஸ்டாப்பு காட்டுனா. நான் புட்ச்சித் தூக்கிட்டேன். ரெண்டு தோளையும்."

குணசேகரன் ஃப்ளோரன்ஸின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்கதான் இப்ப ஹேட்ச் ஓரத்துல நிக்கிறாங்க, மாமு," என்றார். "உள்ள இன்னா கீதுன்னு அவங்களுக்குதான் தெரியும். உனக்குத் தெரியாது. எனக்கு இருவத்திரெண்டு வருசம் தெரியாம ஓட்டுன பழக்கம் கீது. நீ புது டிரைவரு. கத்துக்க." எழுந்து பையை எடுத்தார். "மீன் நாறப்போவுது. மொளகாத்தூளு எங்க வெச்சிகீற?"

*

ஞாயிறு காலை செல்வநாதன் முதல் வேலையாகத் தெரு ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

டெபோராவிடம் சொல்ல வேண்டியதைப் பல் துலக்கும்போது ஒருதரம், காபி ஆற்றும்போது ஒருதரம் சொல்லிப் பார்த்தார். முதலில் செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிட வேண்டும், ஒளிக்காமல். பிறகு அந்தக் கையைப் பற்றி. ஃபோனில் சொன்னால் அவளுக்குப் புரியாது. வீடியோவில் அம்மாவின் மடியைக் காட்ட வேண்டும். என் விரலுக்குத் தேரன்றைக்கு உன் விரல்தான் பதில் சொன்னது என்று சொல்ல வேண்டும். அதன்பிறகும் தாம்பரம்தான் என்றால், முதலில் உங்கள் சிஸ்டர்மாருக்கு இந்த நாலு சைகையைச் சொல்லிக்கொடுக்க என்னையும் அங்கே சேர்க்கச் சொல் என்று கேட்க வேண்டும். ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றி, டி.வி. ஸ்டாண்டின்மேல், ஏசுவின் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயில் மணி அடித்தது. நாற்காலியிலிருந்த ஃப்ளோரன்ஸ் தலையைத் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மணிக்கு அவள் எழுந்து நிற்பது வழக்கம். அந்தப் பழக்கம் மட்டும் மறதியோடு போகவில்லை.

மடியோரத்தில் ஒரு விரல் மேல்நோக்கி நீண்டது. மெல்லச் சுற்றியது.

செல்வநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொல்லலாம். கையைத் தூக்கி முஷ்டி மடக்கலாம், அவள் கேட்பாள். அவர் கை பாதி எழுந்தது. பிறகு அதைத் தாழ்த்திக்கொண்டு, சுற்றிக்கொண்டு போய் அவளுடைய வலப்பக்கம் நின்று, தன் முன்கையை அவள் கைக்குக் கீழே கொடுத்தார். தூக்கவில்லை. கொடுத்தார்.

ஆஸ்தே. ஹாபீஸ். அவள் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முன்கையில் ஏறியது. நாற்காலியை விட்டு ஒரு சாண் எழுந்தாள். இன்னும் அரைச் சாண். அவர் தன் கண்ணை அந்தக் கையை விட்டு எடுக்கவில்லை.

முஷ்டி.

நின்றார். முழங்கால் மடங்கியபடி, முதுகு வளைந்தபடி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் இருவரும் நின்றார்கள். ஃப்ளோரன்ஸின் நெற்றியில் வியர்வை பூத்தது. உள்ளே எதுவோ எங்கேயோ இடிக்கிறது. அவருக்குத் தெரியாத இடத்தில்.

ஃபோன் அடித்தது.

ஆறடி தூரம். திரையில் டெபோராவின் முகம், பேத்தியைக் கட்டிக்கொண்டு எடுத்த பழைய படம். கையை உருவினால் ஃப்ளோரன்ஸ் அப்படியே சரிந்துவிடுவாள். தூக்கி நிறுத்தினால் கத்துவாள். மெல்ல உட்காரவைத்தாலும் அது அவள் சொல்லாத ஆரியா.

எதிர்வீட்டு ஜன்னலில் ஈரத் துணியோடு ஜானட் வந்து நின்றாள். விரியத் திறந்திருந்த ஜன்னலையும், அதற்குள் கட்டிப்பிடித்தாற்போல் குனிந்து நின்ற இரண்டு கிழவர்களையும் பார்த்தாள்.

"அங்கிள்! ஃபோனு அடிக்கிது பாருங்க!"

செல்வநாதன் திரும்பவில்லை.

அடித்து ஓய்ந்தது. டெபோரா அங்கே ஏழரை மணிக்கு, படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"இரும்மா," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "இன்னும் நிறுத்துலதான் கீது."

"அங்கிள், நான் வரட்டா? எடுக்கட்டா?" ஜானட் துணியைக் கம்பியில் போட்டுவிட்டு ஜன்னலை விட்டு நகர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் வீட்டு மாடிப்படி பதினெட்டு, இந்த வீட்டுப் படி பதினாறு. கீழ்க்கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இரண்டாம் முறையும் ஓய்ந்தது. கோயில் மணியும் நின்றிருந்தது. அவர் முன்கைமேல் கிடந்த முஷ்டியில், கட்டைவிரல் மட்டும் லேசாக நெகிழ்ந்த மாதிரி இருந்தது; உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் புது டிரைவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த விரல்கள் விரிவதற்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏசுவின் படத்துக்குப் பக்கத்தில் ஃபோன் மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது.